மாடி அடுப்படி: பெயர்த்து வைப்பதா, புதிதாகக் கட்டுவதா?

மொட்டை மாடியின் மேற்கு ஓரத்தில் நாங்களே கட்டிய அடுப்படி. ஆடிக் காற்றில் தீ நிற்பதில்லை. கிழக்கே மாற்றியாக வேண்டும்.

பெயர்த்தால் உருப்படியாக மிஞ்சுவது கிரானைட் பலகைதான். ஆறடிக்கு இரண்டடி, 20 மி.மீ. கனம் என்றால் ஏறக்குறைய 60 கிலோ. செங்குத்தாக நிறுத்தித்தான் தூக்க வேண்டும். படுக்கைவாட்டில் தூக்கினால் சிங்குக்கு வெட்டிய இடத்தில் விரிசல் விடும். செங்கல்லைக் கொத்திப் பிரிப்பதற்குள் பலதும் உடையும். அதைவிடப் பயம், சுத்தியல் அடியில், மழைநீர் இறங்காமலிருக்க மாடித் தளத்தில் பதித்த தட்டை ஓடுகள் அதிர்ந்து மழையில் கீழே ஒழுகுவது.

புதிதாகக் கட்டினால் செலவு கூடும். ஆனாலும் என் ஓட்டு இதற்கே: பழைய சுவரை அப்படியே செடித்தொட்டி மேடையாக விட்டுவிட்டு, இரும்புச் சட்டம் பற்றவைத்து அதே பலகையை ஏற்றலாம். இன்னொரு செங்கல் சுவர் எழுப்புவதைவிட, இரும்புச் சட்டம் தளத்துக்குப் பாரமும் குறைவு. சிலிண்டரை மட்டும் பெட்டிக்குள் அடைக்காதீர்கள். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும்.