கோத்தகிரி ஈரத்தில் ஒரு ஜி-ஷாக்: பல வருடப் பயன்பாட்டு அனுபவம்

கேசியோவின் அடிதாங்கும் வாட்சான ஜி-ஷாக் பற்றிப் பேசுகிற எல்லோரும் அதை எங்கேயாவது தூக்கிப் போட்டுக் காட்டுகிறார்கள். சுத்தியலால் அடிப்பார்கள், மாடியிலிருந்து வீசுவார்கள், லாரிச் சக்கரத்துக்கு அடியில் வைப்பார்கள். எனக்கும் அந்த வீடியோக்கள் பிடிக்கும். ஆனால் நீலகிரியில் இருந்துகொண்டு வாட்ச் வாங்க நினைப்பவருக்கு அதில் பாதிக் கதைதான் கிடைக்கும். நான் பார்த்தவரை இங்கே அடிபட்டுக் கெட்டுப்போன வாட்சுகளைவிட ஈரம் ஏறிக் கெட்டுப்போனவைதான் அதிகம்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் வேலை எனக்கு. வீட்டை ஒட்டிக் கொஞ்சம் தேயிலையும் இருக்கிறது. கையில் பல வருடமாகக் கிடப்பது கேசியோ டிடபிள்யூ-5600இ, அந்தச் சதுர முகக் கறுப்பு வாட்ச். 1983 ஏப்ரலில் வந்த முதல் ஜி-ஷாக்கான டிடபிள்யூ-5000சி-யின் முகச்சாடை அப்படியே இருக்கும். எடை சுமார் 53 கிராம், கனம் பதின்மூன்றரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இந்தக் கனத்துக்கு மலையில் ஒரு அருமை உண்டு. வருடத்தில் பெரும்பாலான நாள் ஸ்வெட்டரும் ஜெர்கினுமாகத் திரிகிற ஊரில், கைப்பட்டிக்குள் போய் அடங்காத வாட்ச் தினமும் தொல்லைதான். இதே கம்பெனியின் பெரிய வட்ட முக மாடல்களைப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் கைப்பட்டியில் மாட்டிக்கொண்டு இழுத்தது. சதுரம் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடுகிறது.

ஃபேக்டரியில் இதை நான் அதிகம் பயன்படுத்துவது கவுன்ட்டவுன் டைமருக்காக. இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சிடிசி ரோலரிலிருந்து வெளிவரும் கொழுந்து பச்சையிலிருந்து செம்பு நிறத்துக்கு மாறுகிற நேரம் இருக்கிறதே, டீயின் ருசியும் நிறமும் பெரும்பாலும் அங்கேதான் முடிவாகின்றன. எங்கள் பக்கம் ஒரு மணி நேரம், முன்னே பின்னே. வெயில் நாளில் சீக்கிரம் ஆகிவிடும், மழைக் குளிரில் இழுக்கும். கடைசித் தீர்ப்பு கண்ணுக்கும் மூக்குக்கும்தான் என்றாலும், எப்போது போய் முகர்ந்து பார்க்க வேண்டும் என்று சொல்ல ஒன்று வேண்டும். போனை நம்ப முடியாது. ஈரக் கைக்குத் திரை மசியாது, இலைச்சாறு பட்ட விரல் என்றால் சுத்தம். இதில் கையுறையோடு ஒரு பொத்தானை அழுத்தினால் டைமர் ஓடத் தொடங்கிவிடும்.

மெஷின் ஓடும் இரைச்சலில் இதன் 'பீப்' காதில் விழாது. ஆனால் டைமர் முடியும்போது ஒலியோடு சேர்ந்து திரையும் பளிச் பளிச்சென்று மின்னும்படி வைத்துக்கொள்ளலாம். இரவு ஷிப்டில் அந்த நீலப்பச்சை வெளிச்சத்தைப் பார்த்துத்தான் நான் எழுந்து போகிறேன். பக்கத்தில் இருக்கும் தம்பி, "அண்ணா, உங்க கை எரியுது" என்பான். அந்தளவுக்குத் தெரியும்.

சரி, ஈரத்துக்கு வருகிறேன். டிரையர் ஓரம் அனலாக இருக்கும். அங்கிருந்து கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தால் டிசம்பர் இரவின் குளிர். வாட்சுக்குள் அடைபட்ட காற்றில் ஈரம் இருந்தால், முதலில் குளிர்வது கண்ணாடி என்பதால் அந்த ஈரம் கண்ணாடியின் உள்பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். அதைத்தான் 'வாட்சுக்குள் புகை' என்கிறோம். சில நிமிடத்தில் தானாக மறைந்தால் உள்ளே கொஞ்சம் ஈரக்காற்று மாட்டியிருக்கிறது, அவ்வளவுதான். மறையாமல் நின்றாலோ, நாளுக்கு நாள் கூடினாலோ எங்கேயோ வழி விட்டிருக்கிறது என்று அர்த்தம், தள்ளிப்போடக் கூடாது.

200 மீட்டர் நீர்த்தாங்கு திறன் என்று கம்பெனி சொல்வது சோதனைக்கூடத்தில் கொடுக்கும் அழுத்தத்தின் கணக்கு. நம் மழைக்கு அது தாராளம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அப்படி ஒரு மழையில் நின்றாலும் இதற்கு ஒன்றும் ஆகாது. ஆனால் இந்தத் திறன் அத்தனையும் பின்மூடிக்கு அடியில் இருக்கிற, நூல் கனத்துக்கு ஒரு ரப்பர் வளையத்தையும் பொத்தான்களைச் சுற்றியுள்ள குட்டி வளையங்களையும் நம்பித்தான் இருக்கிறது.

எனக்குப் பிரச்சினை வந்ததும் அங்கேதான். பேட்டரி தீர்ந்ததும் கீழே ஒரு ஊரில் கடையில் கொடுத்தேன். வாசலில் சாரல் அடித்துக்கொண்டிருந்தது, கடைக்காரர் திறந்து, மாற்றி, மூடிக் கொடுத்துவிட்டார். வாரம் திரும்புவதற்குள் கண்ணாடியின் கீழ்மூலையில் ஊசிமுனை அளவு நீர்த்துளிகள் வரிசையாக நின்றன. வீட்டில் பின்மூடியின் நான்கு ஸ்க்ரூக்களையும் கழற்றிப் பார்த்தபோது, வளையம் ஓரிடத்தில் பள்ளத்தை விட்டு ஏறி நசுங்கியிருந்தது. அதற்குக் குறுக்கே பஞ்சு இழை ஒன்று. அந்த இழை போதும் தண்ணீர் உள்ளே வர. புது வளையம் வாங்கி, சிலிகான் கிரீஸ் மெலிதாகத் தடவி, நல்ல வெயில் மதியத்தில் உள்ளே காயவிட்டு மூடினேன். அதன் பிறகு இன்றுவரை புகை இல்லை.

இதனால் நான் எல்லோரிடமும் சொல்வது, பேட்டரி மாற்றுவதை மாசி வெயிலில் வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி அடைமழையில் பின்மூடியைத் திறந்தால் அந்த மழைக்காற்றையும் உள்ளே வைத்துத்தான் மூடுகிறோம். இதற்குப் போடுவது சிஆர்2016 பேட்டரி. அதைப் போட்டதும் உள்ளே 'ஏசி' என்று குறித்திருக்கும் புள்ளியையும் பேட்டரியின் மேற்பக்கத்தையும் ட்வீசரால் ஓரிரு நொடி சேர்த்துத் தொட வேண்டும். அதைச் செய்யாமல் மூடினால் திரை உயிர் பெறாமலோ தாறுமாறாகவோ நிற்கும். வாட்ச் போச்சு என்று தூக்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொன்று, பாய்லர் வெந்நீரில் குளிக்கும்போது கழற்றி வையுங்கள். சூடும் ஆவியும் சோப்பும் சேர்ந்து ரப்பரைச் சீக்கிரம் கெடுக்கும். அட்டைக்கும் கொசுவுக்கும் தடவுகிற சில கிரீம்களில் டீட் என்ற மருந்து இருக்கும், அது பிளாஸ்டிக் வகைகள் சிலவற்றை அரிக்கும். தடவிய கையால் வாட்சைத் தொடாமல் இருப்பது நல்லது.

இவ்வளவு பராமரிப்பு வேண்டுமென்றால் பழைய சாவி வாட்சே போதுமே என்று எங்கள் ஃபேக்டரியின் மூத்தவர் ஒருவர் கேட்டார். அவரிடம் இருந்தது எச்எம்டி. 1961-ல் ஜப்பானின் சிட்டிசனோடு கைகோத்து பெங்களூரில் செய்யத் தொடங்கிய வாட்ச் அது, எனக்கும் அதன்மேல் பெரிய மரியாதை. ஆனால் தினமும் சாவி கொடுக்கத் திருகுகிற அந்தத் தலைதான் ஈரம் நுழைகிற வாசல். தோல் பட்டை வேறு, ஒரு மழைக்காலம் பெட்டியில் கிடந்தால் வெள்ளையாகப் பூஞ்சை பூத்துவிடும். என்னுடையதில் திருகவும் ஒன்றுமில்லை, பூக்கவும் ஒன்றுமில்லை.

அடியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதன் பிறப்பே அதில்தான். கேசியோ பொறியாளர் கிகுவோ இபே, தன் அப்பா கொடுத்த வாட்ச் கீழே விழுந்து சிதறியதைப் பார்த்து, உடையாத ஒன்றைச் செய்யக் கிளம்பினார். பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்க வேண்டும், பத்து பார், அதாவது நூறு மீட்டர் ஆழத்துக்கு ஈடான நீரழுத்தம் தாங்க வேண்டும், பேட்டரி பத்து வருடம் வர வேண்டும் என்பது அவர்கள் வைத்த இலக்கு. அலுவலகக் கழிப்பறையின் மூன்றாம் மாடி ஜன்னல் வழியாகப் போட்டுப் போட்டுச் சுமார் இருநூறு மாதிரிகளை உடைத்திருக்கிறார்கள். பூங்காவில் ஒரு சிறுமி பந்து தட்டுவதைப் பார்த்தபோதுதான் வழி பிறந்ததாம்: பந்துக்கு நடுவில் மிதக்கிற பொருளுக்கு அடி போய்ச் சேராது. அதனால்தான் இதன் இயந்திரம் கூட்டுக்குள் இறுக்கமாக ஒட்டாமல், சில புள்ளிகளில் மட்டும் பிடிமானத்தோடு நிற்கிறது. என் வாட்ச் ரோலர் மேடையிலிருந்து சிமென்ட் தரையில் விழுந்திருக்கிறது, தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவாத்து மெஷினின் அதிர்வில் மணிக்கணக்காக உதறியிருக்கிறது. நேரம் பிசகவில்லை. கண்ணாடியைவிட விளிம்பு உயரமாக இருப்பதால் குப்புற விழுந்தும் கண்ணாடியில் கீறல் இல்லை.

முதலில் தளர்ந்தது இயந்திரம் இல்லை, ரெசின்தான். பட்டையின் வளையம் முதலில் அறுந்தது, அப்புறம் விளிம்பில் ஸ்க்ரூ ஓரமாக விரிசல். இந்த வகைப் பிளாஸ்டிக் வருடக்கணக்கில் ஈரத்தையும் சூட்டையும் வாங்கி நொறுங்கக்கூடியது. நல்லவேளையாக விளிம்பும் பட்டையும் தனியாக வாங்கி மாற்றக்கூடியவை. மாற்றியதும் வாட்ச் புதுசாகிவிட்டது. இந்த ஒரு குணத்துக்காகவே நான் இதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

குறைகளும் உண்டு. மாதத்துக்குப் பதினைந்து நொடி வரை முன்னே பின்னே ஆகலாம் என்று கம்பெனியே சொல்கிறது, போனைப் பார்த்து அவ்வப்போது சரிசெய்வேன். நேரம் மாற்றும் பொத்தான் உள்ளடங்கி இருப்பதால் குளிரில் மரத்த விரலுக்குப் படாதபாடு. ஜனவரி விடியலில் தலைக்குந்தாப் பக்கம் புல்வெளி உறைபனியில் வெள்ளையாகக் கிடக்கும்போது கழற்றி வெளியே வைத்தால், ஸ்டாப்வாட்சின் கடைசி எண்கள் மங்கி இழுபடும். திரைக்குள் இருக்கும் திரவப் படிகம் குளிரில் மந்தமாவதுதான் காரணம். கையில் கட்டி ஸ்வெட்டருக்குள் விட்டால் சரியாகிவிடும்.

சோலார் மாடல் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக வாங்கலாம், பின்மூடியைத் திறக்கும் அவசியம் வெகுவாகக் குறையும் என்பதே இங்கே பெரிய லாபம். ஆனால் நாள் முழுக்க ஸ்வெட்டர் கைக்குள் கிடந்தால் அதற்கு வெளிச்சம் எங்கே கிடைக்கும்? இரவில் கழற்றும் வழக்கம் இருந்தால் காலையில் கொஞ்ச நேரம் ஜன்னலோரம் வையுங்கள். வானொலி அலையில் தானாக நேரம் திருத்திக்கொள்ளும் வசதிக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். அந்த அலை அனுப்பும் நிலையங்கள் ஜப்பான், சீனா, ஜெர்மனி, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளில் இருக்கின்றன, நம் மலைக்கு அவற்றால் பயன் இல்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வரும் மாடல் பார்க்க அழகு, ஆனால் மேகம் இறங்கிய மத்தியானத்தில் கண்ணைச் சுருக்கித்தான் படிக்க வேண்டும். வெளிர் திரையே எடுங்கள்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இவ்வளவு செலவு வேண்டியதில்லை. கேசியோவின் எஃப்-91டபிள்யூ 1989-லிருந்து வருகிறது, எடை 21 கிராம்தான், பேட்டரி ஏழு வருடம் வரும் என்கிறார்கள். சாரலுக்குப் போதும், குளத்தில் குதிக்க ஆகாது. தங்கச்சி மகனுக்கு அதைத்தான் வாங்கிக் கொடுத்தேன். கவாத்துக்கும் மருந்தடிக்கவும் போகிறவர் கேட்டால் யோசிக்காமல் சதுர ஜி-ஷாக்கைச் சொல்வேன், கூடவே ஒரு பட்டையும் ஒரு ரப்பர் வளையமும் இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்வேன்.