வெந்நீர்க் குழாயை ஒட்டிச் செல்லும் ஒயர்: தள்ளிப் போடுவதா, குழாய்க்கு உறை போடுவதா, ஒயரை மாற்றுவதா?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் உப்புத் தண்ணீரால் குழாய்கள் சில ஆண்டுகளிலேயே அடைத்துக்கொள்கின்றன. அடைத்த குழாய்க்காகச் சுவரை உடைக்க மனமின்றி, மொட்டைமாடி சோலார் ஹீட்டரிலிருந்து குளியலறைவரை புதிய குழாயைச் சுவரின் வெளிப்புறமாகவே இறக்கிவிடுகிறோம். அங்கே ஏற்கெனவே மோட்டாருக்கோ கீசருக்கோ ஒயர் போயிருக்கும். இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டால் பார்வைக்கு ஒழுங்காகத்தான் இருக்கும். ஓசூரில் எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. கட்டை அவிழ்த்தபோது, குழாயைத் தொட்ட பக்கத்தில் மட்டும் ஒயரின் மேலுறை விறைத்து, வளைத்ததும் வெடித்தது.

வீட்டு ஒயரின் சாதாரண பிவிசி உறை 70 டிகிரி வரைக்குமானது. சோலார் ஹீட்டரின் தண்ணீரோ நல்ல வெயில் நாளில் அந்த அளவை எட்டும், சில வேளை தாண்டும். சுற்றுவெப்பம் 30 டிகிரி என்று கொண்டு அந்த ஒயருக்குக் குறிக்கப்பட்ட மின்னோட்ட அளவு, 60 டிகிரியில் ஏறத்தாழப் பாதியாகிவிடும். 3 கிலோவாட் கீசரோ 13 ஆம்பியர் இழுப்பதால், பாதியாகக் குறைந்த அந்த அளவுக்கு அது மிகையாகிவிடக்கூடும். உறை இளகினால், கட்டு இறுகிய இடத்தில் செம்பு மெல்ல மெல்ல வெளிப்பக்கம் நகரும். குழாய் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) ஆக இருந்தால் அதுவே மின்சாரம் ஏறிய கம்பியாகிவிடும். வெந்நீருக்குப் போடும் பிளாஸ்டிக் வகையான சிபிவிசி குழாய் மின்சாரத்தைக் கடத்தாது என்று நிம்மதி அடையவும் முடியாது. ஒயரின் பிவிசி உறையை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள் சிபிவிசியில் ஊறி, குழாயில் விரிசல் விழச் செய்யக்கூடும். ஆக, தொடுவதால் ஒயர், குழாய் இரண்டுக்குமே கேடு.

மூன்று வழிகளில், ஒயரைத் தள்ளிப் போடுவதையே நான் முதலில் வைப்பேன். இதில் எந்தப் பக்கம் தள்ளுவது என்பதுதான் யோசிக்க வேண்டிய இடம். குழாய் படுக்கையாகச் செல்லும்போது ஒயர் அதற்கு மேலே இருந்தால் எழும் வெப்பம் முழுவதும் அதன்மேல் படும். கீழே இருந்தால் இணைப்பில் கசியும் நீர் சொட்டும். ஆகவே, முடிந்தால் வேறு சுவருக்கே மாற்றிவிட வேண்டும். முடியாவிட்டால் ஒரு சாணாவது இடைவெளி விட்டுத் தனி கிளாம்ப் அடிக்க வேண்டும். குறுக்கே கடந்தே ஆக வேண்டிய இடத்தில், இணைப்பு இல்லாத பகுதியாகப் பார்த்துச் செங்குத்தாகக் கடக்கலாம்.

இடமே இல்லாத குறுகிய சந்துகளில் குழாய்க்கு நைட்ரைல் ரப்பர் உறை போடுவது இரண்டாவது வழி. தண்ணீரின் சூடும் வீணாகாது என்பதால், விடியற்காலைக் குளிர் கடுமையாக இருக்கும் ஓசூர், தளிப் பக்கம் இதற்குச் செலவிடுவது தகும். வெயில் படும் மாடிப்பகுதியில் உறைக்கு மேல் அலுமினியத் தாள் சுற்றாவிட்டால் அது பொடிந்துவிடும். உறையைக் குழாய்க்குத்தான் போட வேண்டும். ஒயரைச் சுற்றினால் அதன் சொந்தச் சூடே வெளியேற வழியின்றி உள்ளே தங்கும். இடையில் தெர்மாகோல் செருகுவதும் கூடாது, அது ஒயருறையின் மென்மையை உறிஞ்சி நொறுங்கச் செய்யும்.

வெப்பம் தாங்கும் ஒயர் வாங்குவதை மூன்றாவதாகவே வைக்கிறேன். எஃப்.ஆர். என்று அச்சிட்டதை வெப்பம் தாங்கும் ஒயர் என்று பலர் எண்ணுகிறார்கள். அது தீ பரவுவதைத் தடுப்பதற்கானது. எச்.ஆர். என்று குறித்த பிவிசி ஒயர்தான் 85 டிகிரி வரை தாங்கும். அதுவும் பிவிசியே என்பதால் சிபிவிசி குழாய்க்கு நேரும் கேடு அப்படியே இருக்கும். சிலிக்கான் உறை ஒயர் 180 டிகிரி தாங்கினாலும், கூரான விளிம்பில் உரசினால் எளிதில் கிழியும்.

எந்த வழியானாலும், மெயினை அணைத்த பிறகே கட்டை அவிழ்க்க வேண்டும். விறைத்துப்போன ஒயரை டேப் சுற்றி மீண்டும் பயன்படுத்தாமல், அந்த நீளம் முழுவதையும் மாற்ற வேண்டும். மின்னோட்டம் மிகுந்தால் அணையும் எம்சிபி, இப்படி உறை கெட்டு ஏற்படும் சிறு மின்கசிவை உணராது என்பதால், மின்கசிவை உணர்ந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாத வீட்டில் எலக்ட்ரீஷியனிடம் அதையும் சேர்த்தே பொருத்தச் சொல்லிவிடலாம்.