ஈயா, எலியா, காடா, கணினியா: உயிரியல் முனைவர் பட்டத்தின் காலக் கணக்கு

உயிரியலில் முனைவர் பட்டத்துக்குச் சேர நினைப்பவர்கள் பெரும்பாலும் தலைப்பைத்தான் முதலில் தேடுகிறார்கள். புற்றுநோயா, நரம்பியலா, பரிணாமமா என்று முடிவு செய்துவிட்டு, பிறகு அதற்கேற்ற ஆய்வகத்தைப் பார்க்கிறார்கள். இந்த வரிசையை மாற்றிப் பார்ப்பது நல்லது என்பது என் கருத்து. பரிணாமத்தை ஆய்வக மேசையிலும் படிக்கலாம், களத்திலும் படிக்கலாம், கணினியிலும் படிக்கலாம். ஆனால் அடுத்த நான்கைந்து ஆண்டுகள் எப்படிக் கழியும் என்பதைத் தீர்மானிப்பது, இன்று தொடங்கிய சோதனைக்கு விடை எப்போது கிடைக்கும் என்பதுதான். அந்தக் காத்திருப்பின் அளவை வைத்தே இந்த மூன்று வழிகளையும் இங்கே ஒப்பிடுகிறேன்.

முதலில் ஆய்வக மேசை. இதை ஒரே வழியாகப் பேசுவதே தவறு. எந்த உயிரினத்தோடு வேலை என்பதைப் பொறுத்து இது நான்கைந்து வெவ்வேறு வாழ்க்கைகளாகப் பிரிந்துவிடும். சத்து நிறைந்த வளர்ப்பு ஊடகத்தில் ஈ.கோலை பாக்டீரியா ஏறத்தாழ 20 நிமிடங்களுக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஈஸ்ட்டுக்கு ஒன்றரை மணி நேரம் போதும். பழ ஈ 25 டிகிரி செல்சியஸில் முட்டையிலிருந்து முழு ஈயாக 10 நாள் எடுத்துக்கொள்ளும். சுண்டெலிக்கு ஒரு தலைமுறை என்பது இரண்டரை, மூன்று மாதம்.

இந்த எண்கள் ஆய்வேட்டில் என்ன செய்கின்றன என்று ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். இரண்டு மரபணுக்கள் ஒருசேரச் செயலிழந்த, வளர்ந்த எலி ஒன்று தேவை என்று வைத்துக்கொள்வோம். ஒரு மரபணு செயலிழந்த எலியையும் மற்றது செயலிழந்த எலியையும் இணைத்தால், 3 வாரங்களில் குட்டிகள் பிறக்கும். அவை அனைத்திலும் ஒவ்வொரு மரபணுவுக்கும் ஒரு நல்ல பிரதியும் ஒரு பழுதான பிரதியும் இருக்கும். அவை பருவமடைய 6 முதல் 8 வாரம். அவற்றை ஒன்றோடொன்று இணைத்தால் இன்னும் 3 வாரம். இரண்டு மரபணுக்களும் வெவ்வேறு குரோமோசோம்களில் இருந்தால், பிறப்பவற்றில் சராசரியாக 16இல் 1 குட்டிதான் நமக்குப் பயன்படும்; ஓர் ஈற்றில் ஆறெட்டுக் குட்டிகளே பிறப்பதால், ஒரேயொரு எலிக்காக இரண்டு மூன்று ஈற்றுகளைப் பார்க்க வேண்டியிருக்கும். அது வளர மறுபடியும் 6 முதல் 8 வாரம். எதுவும் பிசகாமல் நடந்தாலே நான்கைந்து மாதம் போய்விடும், உண்மையான சோதனை இன்னும் தொடங்கியிருக்காது. இதே வேலையை ஈயில் ஒரு மாதத்துக்குள் முடித்துவிடலாம்.

ஈயின் வேகத்துக்கும் ஒரு விலை உண்டு. இணைப்புக்குப் பயன்படும் பெண் ஈக்கள் இதற்குமுன் இணை சேராதவையாக இருக்க வேண்டும். கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்து 25 டிகிரியில் ஏறத்தாழ 8 மணி நேரத்துக்குள் அவற்றைப் பிரித்தெடுத்துவிட வேண்டும். அதனால் காலையில் வந்ததும் குப்பியைக் காலி செய்து, மாலையில் மறுபடியும் வந்து, கரியமில வாயுவால் மயங்கிக் கிடக்கும் ஈக்களை நுண்ணோக்கியின் கீழே தூரிகை முனையால் ஒவ்வொன்றாகப் புரட்டி, வெளிறிய வயிற்றில் தெரியும் சிறு கரும்புள்ளியை அடையாளம் பார்த்துப் பொறுக்க வேண்டும். அந்தப் புள்ளி, இப்போதுதான் பிறந்த ஈ என்பதன் சான்று. ஞாயிற்றுக்கிழமையும் ஈக்கள் வெளிவரும் என்பதை நேர்காணலில் யாரும் சொல்வதில்லை.

இந்த இரண்டிலும் சேராதது செல் வளர்ப்பு, அதாவது செல்களை மட்டும் தட்டில் வளர்ப்பது. விலங்கு பராமரிப்பு இல்லை, நாட்கணக்கில் விடை கிடைக்கும் என்பதால் பலருக்கும் அது எளிதாகத் தோன்றும். ஆனால் மைக்கோபிளாஸ்மா தொற்றினால் ஊடகம் கலங்காது. சாதாரண நுண்ணோக்கியிலும் தெரியாது. செல்சுவர் இல்லாத நுண்ணுயிர் என்பதால் பெனிசிலினுக்கும் அது மசியாது. பல மாதத் தரவு கையில் சேர்ந்த பிறகு அதைக் கண்டுபிடிப்பவருக்கு, எலி வளர்த்தவரைவிடக் கூடுதல் காலம் வீணாகியிருக்கும்.

உயிரினத் தேர்வு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு கேரல் கிரைடர் நல்ல எடுத்துக்காட்டு. 1984இல் பெர்க்லியில் எலிசபெத் பிளாக்பர்னிடம் ஆய்வு மாணவியாகச் சேர்ந்த அவர், அதே ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று குரோமோசோம் முனைகளை நீட்டிக்கும் டெலோமரேஸ் நொதியின் முதல் தடயத்தைப் பார்த்தார். 2009இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் பயன்படுத்திய டெட்ராஹைமெனா என்ற ஒருசெல் நீர்வாழ் உயிரியில் மிகச் சிறிய குரோமோசோம்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஆகவே குரோமோசோம் முனைகளும் ஏராளம். மனித செல்லில் அந்த நொதியைத் தேடப் புறப்பட்டிருந்தால் அவ்வளவு விரைவில் விடை கிடைத்திருக்காது. மனித நோய்க்கு நெருக்கமானது என்ற ஒரே காரணத்துக்காக எலியைத் தேர்ந்தெடுக்க விரும்புபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: தேவையான எலி வகை அந்த ஆய்வகத்தில் ஏற்கெனவே வளர்ந்துகொண்டிருந்தால் சேருங்கள், இனிமேல்தான் உருவாக்கப் போகிறார்கள் என்றால் வேண்டாம்.

களத்தில் கணக்கு அடியோடு மாறுகிறது. அங்கே கடிகாரம் பருவத்தின் கையில் இருக்கிறது. நான்கு ஆண்டு ஆய்வில் மூன்று இனப்பெருக்கப் பருவங்கள் கிடைத்தால் பெரிய விஷயம். முதல் பருவம் விலங்கைக் கண்டுபிடிக்கவும் அனுமதிகள் வாங்கவும் முறையைத் திருத்தவும் போய்விடும். இரண்டாவதில்தான் உருப்படியான தரவு கிடைக்கும். அதில் விட்டதை மூன்றாவதில் நிரப்ப வேண்டும். ஒரு பருவம் பொய்த்தால், மேசையில் டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் சோதனையைத் திரும்பச் செய்வதுபோல் மறுநாளே அதைத் திரும்பச் செய்ய முடியாது.

ஆயினும் பொய்த்த பருவமே கண்டுபிடிப்பாக மாறுவதும் களத்தில் மட்டும்தான் நடக்கும். கலாபகஸ் தீவுக்கூட்டத்தில் டாப்னே மேஜர் என்ற சிறு தீவில் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் இணையர் 1973இல் அங்குள்ள குருவிகளைப் பற்றிய ஆய்வைத் தொடங்கினர். அவர்களிடம் ஆய்வு மாணவராக இருந்த பீட்டர் போக், 1977இல் மழை பொய்த்துக் குருவிகள் மடிந்த காலத்தின் தரவைக் கொண்டு, பெரிய அலகு உடையவையே கடினமான விதைகளை உடைத்துப் பிழைத்தன என்று காட்டினார். கவனிக்க வேண்டியது, வறட்சிக்கு முன்பே அந்தப் பறவைகள் வளையமிடப்பட்டு அளக்கப்பட்டிருந்தன என்பது. நீண்டகாலப் பதிவு இருக்கும் இடத்தில் சேரும் மாணவருக்கு மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் ஆய்வேடு உண்டு. புதிதாக ஓர் இடத்தைத் தொடங்குபவர் ஒரே ஆண்டின் வானிலையை நம்பிப் பணயம் வைக்கிறார்.

கணினி வழியில் விடை சில மணி நேரத்தில் வரும். பெரிய சர்வர் வேலையானால் சில நாள். குடும்பப் பொறுப்பு உள்ளவர்களுக்கும் உடல்நலம் காரணமாக நீண்ட நேரம் நின்று வேலை செய்ய இயலாதவர்களுக்கும் இதுவே நியாயமான வழி என்பேன். இதன் இடர் வேறு வகையானது. தரவு பிறருடையது என்பதால் அதன் பிழையும் பிறருடையதே; ஆனால் விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள். மார்ச்1, செப்ட்1 என்ற குறியீடுகள் கொண்ட மரபணுக்களை எக்செல் தேதிகளாக மாற்றிவிடும் தொல்லை எத்தனையோ அட்டவணைகளைக் கெடுத்தது; 2020இல் அந்த மரபணுக்களின் குறியீடுகளையே மாற்ற வேண்டியதாயிற்று. இன்னோர் இடர், பெரிய குழு ஒன்று ஒரே பாய்ச்சலில் முந்திக்கொண்டு போய்விடுவது. 2020இல் புரத வடிவத்தைக் கணிக்கும் போட்டியில் ஆல்பாஃபோல்டு 2 என்ற செயற்கை நுண்ணறிவு நிரல் காட்டிய துல்லியத்துக்குப் பிறகு, அதே கணிப்பைச் சிறிது மேம்படுத்துவதை ஆய்வேடாகக் கொண்டிருந்த மாணவர்களின் காலடி மண் நகர்ந்துவிட்டது. அந்தப் புரதத்தைத் தூய்மைப்படுத்தி, அது செல்லில் என்ன செய்கிறது என்று மேசையில் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அதே நிகழ்வு இலவசக் கருவியாகக் கிடைத்தது.

மூன்றில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றால், விரைவாக வளரும் உயிரினத்தோடு மேசை வேலையை எடுத்து, அதன் தரவைத் தானே கணினி நிரல் எழுதி அலசக் கற்றுக்கொள்வதை நான் தேர்ந்தெடுப்பேன். களத்தின்மேல் தீராத ஆசை இருப்பவர்களுக்கு இந்த அறிவுரை பொருந்தாது. அவர்கள் கேட்கவும் மாட்டார்கள்.

நெறியாளரைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. சில நாடுகளில் முதலாண்டில் இரண்டு மூன்று ஆய்வகங்களில் சில வாரங்கள் சுற்றிப் பணியாற்றிய பிறகு ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். வேறு சில நாடுகளில் சேரும் நாளிலேயே நெறியாளர் முடிவாகிவிடுவார். இரண்டாவது முறையில் சேர்பவர்கள், நெறியாளர் இல்லாத நேரமாகப் பார்த்து, அங்கே மூன்றாம் ஆண்டில் இருக்கும் மாணவரிடம், போன வாரம் தொடங்கிய சோதனைக்கு விடை எப்போது தெரியும் என்று கேட்க வேண்டும். தலைப்பின் பெருமையைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்.