டைஜெஸ்டிவ் பிஸ்கட்: கிரஹாம் கிராக்கருக்கு மாற்றாகுமா?

மெக்விட்டீஸ் டைஜெஸ்டிவ் 1892 முதல் பிரிட்டனில் விற்பனையாகிறது. தேநீருக்கென்றே பிறந்த பிஸ்கட் இது: முழுக்கோதுமை மணம், மட்டான இனிப்பு, கடைசியில் நாக்கில் நிற்கும் லேசான உப்பு. சூடான தேநீரில் இரண்டு மூன்று விநாடி முக்கினால் போதும். அதற்கு மேல் போனால் சர்க்கரை கரைந்து, மாவு ஊறி, பாதி பிஸ்கட் கோப்பைக்குள் விழுந்துவிடும். வீட்டுக்கு வந்தவரிடம் தேநீரும் பிஸ்கட்டும் நீட்டுவது அங்கே அடிப்படை உபசாரம். அமெரிக்காவில் ‘பிஸ்கட்’ கேட்டால் வருவதோ மென்மையான சுட்ட ரொட்டி; கிரேவி ஊற்றிக் காலையில் சாப்பிடுவார்கள்.

அமெரிக்கர்களின் முழுக்கோதுமை பிஸ்கட்டான கிரஹாம் கிராக்கர் மெலிது, மொறுமொறுப்பு அதிகம், உடைப்பதற்குக் கோடும் உண்டு. தீயில் வாட்டிய மார்ஷ்மெல்லோ மிட்டாயையும் சாக்லேட்டையும் நடுவில் வைத்து அழுத்த அதுதான் பொருத்தம்.

சீஸ்கேக் அடித்தளத்துக்கு டைஜெஸ்டிவையே வாங்குங்கள். 250 கிராம் பிஸ்கட் தூளுக்கு 100 கிராம் உருக்கிய வெண்ணெய், சர்க்கரை வேண்டாம். கிரஹாம் கிராக்கருக்கான அமெரிக்கச் செய்முறையின் வெண்ணெய் அளவை அப்படியே ஊற்றினால் நெய் கசியும். ஏனென்றால் டைஜெஸ்டிவின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஏற்கெனவே கொழுப்புதான்.