ஸ்டிக் ட்ரிஃப்ட்: சாதா ஸ்டிக்கா, ஹால் எஃபெக்ட்டா?

கேம் கண்ட்ரோலரின் ஸ்டிக்கிலிருந்து விரலை எடுத்த பிறகும் கேமரா (திரையில் தெரியும் காட்சி) தானாக நகர்ந்தால் அது ட்ரிஃப்ட். பழுதானதற்குப் பதில் போடும் மாற்று ஸ்டிக் இரண்டு வகை: சாதா, ஹால் எஃபெக்ட்.

தேய்மானம்
சாதா: கார்பன் பூச்சின் மேல் சின்ன உலோக நாக்கு உரசிக்கொண்டே இருக்கும். பூச்சு தேய்ந்து தூளாகும், நடுப்புள்ளி விலகும்.
ஹால்: ஸ்டிக்கின் அசைவைக் காந்தத்தை வைத்து சென்சார் அறியும்; இரண்டும் தொட்டுக்கொள்வதே இல்லை. 1998-இல் வந்த சேகாவின் ட்ரீம்காஸ்ட் கேம் கன்சோலின் கண்ட்ரோலரிலேயே இது உண்டு. புதுச் சரக்கு என்று விற்பதுதான் வேடிக்கை. ஸ்பிரிங் மட்டும் இதிலும் தளரும்.

விலை
சாதாதான் மலிவு.

பொருத்துவது
சாதா: வழக்கமான ஸ்டிக்குக்கு, போர்டில் ஈயத்தால் பற்றவைத்த 14 உலோகக் கால்கள். எல்லாவற்றிலும் ஈயம் உருகும் முன் இழுத்தால் போர்டின் செப்புத் தடம் பிய்ந்து வரும்.
ஹால்: அதே வேலை, கூடவே காலிபரேஷன் (நடுப்புள்ளி எது என்று கண்ட்ரோலருக்குப் பதியவைப்பது). அதை விட்டால் புது ஸ்டிக்கும் நடுவில் நிற்காமல் போகலாம்.

ட்ரிஃப்ட் லேசாக இருந்தால் முதலில் கேம் அமைப்பில் டெட்ஸோனை (ஸ்டிக்கின் சிறு அசைவைக் கண்டுகொள்ளாத நடுப்பகுதி) 5-லிருந்து 10 சதவீதமாக்கிப் பாருங்கள். கார் ரேஸ், கால்பந்து என எப்போதாவது ஆடுபவருக்குச் சாதா போதும். தினமும் மணிக்கணக்கில் துப்பாக்கிச் சண்டை ஆடுபவர் ஹாலுக்கே போகலாம். சால்டரிங் பழக்கமில்லையா? ஹால் ஸ்டிக்கோடு வரும் கண்ட்ரோலராகவே வாங்கிவிடுங்கள்.