பயன்படாத கூலன்ட் வாயை எதைக் கொண்டு அடைப்பது?

ஜப்பானிலிருந்து வந்து நம் மலையகத்தில் ஓடும் பழைய வான்களில், பின்வரிசை ஹீட்டருக்கு எஞ்சினின் சுடுநீரை, அதாவது கூலன்ட்டை, கொண்டுசெல்லும் இரும்புக் குழாய்கள் துருப்பிடித்து ஒழுகத் தொடங்கியதும், பலர் புதுக் குழாய் போடாமல் அவை பொருந்தும் வாய்களையே அடைத்துவிடுகிறார்கள். அதில் பிழையில்லை, எதைக் கொண்டு அடைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் திறந்த பாத்திரத்து நீர் சுமார் 94 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி பிடித்து வைத்திருக்கும் அழுத்தமே எஞ்சினுக்குள் அதனை 110 பாகையிலும் கொதிக்காமல் காக்கிறது. அடைத்த வாய் கசிந்தால் அந்த அழுத்தமும் போய்விடும்.

ரப்பர் மூடி மலிவானது, ஐந்து நிமிட வேலை. ஆனால் கடையில் கிடைக்கும் மூடிகளில் பல காற்றுறிஞ்சும் குழாய்களுக்கென்று செய்யப்பட்டவை. சூட்டையும் அழுத்தத்தையும் சேர்ந்து தாங்கமாட்டா. கம்பளையிலிருந்து புசல்லாவை வழியாக ஏறி றம்பொடை வளைவுகளை எட்டியபோது என் வானின் மூடி பிய்ந்து நீராவி கிளம்பியது. ஆறிய பின் கழற்றிப் பார்த்தேன். வெளிப்புறம் புதிதுபோல் இருந்தது. விரலால் நசுக்கியதும் கிளிப் கடித்த தடத்தில் மயிரிழை வெடிப்புகள் வாய் பிளந்தன. அதைவிட நூல் பின்னிய ஹீட்டர் ஹோஸ் துண்டொன்றில் வழவழப்பான பித்தளைத் தண்டைச் செருகி இரு பக்கமும் கிளிப் போடுவது எவ்வளவோ மேல். மரையுள்ள போல்ட்டைச் செருகினால் மரை வழியே கசியும், துருவும் ஏறும்.

சுடுநீர் போகும் வாயையும் திரும்பும் வாயையும் ஒரே ஹோஸால் வளைத்து இணைப்பதைப் பலர் எப்போதும் சிறந்ததென்று சொல்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. ஒரே ஹீட்டருள்ள காரில் அது சரி, ஏனெனில் சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வு) மூடியிருக்கும்போது ஹீட்டர் வழியாகவும் நீர் சுற்றியாக வேண்டும். முன் ஹீட்டரிலிருந்து கிளை பிரிந்து செல்லும் பின் ஹீட்டருக்கு அப்படிச் செய்தால், சுடுநீர் எளிய குறுக்குவழியில் திரும்பிவிடும்; முன் ஹீட்டர் வலுவிழந்து, மார்கழிக் காலையில் முன்கண்ணாடியின் பனிமூட்டம் விலகாது. அங்கே கிளை இணைப்புகளையே கழற்றிவிட்டு, நேரான ஹோஸ் போடுவதே முறை. என் வானில் இறுதியில் அதைத்தான் செய்தேன்.

அடைக்க வேண்டியது எஞ்சினிலேயே திருகியிருக்கும் நிப்பிள் (ஹோஸ் மாட்டும் சிறு குழாய் முனை) என்றால், அதனைக் கழற்றிப் பித்தளைப் பிளக் போடுவது மிக உறுதியான வழி. அழுத்திப் பொருத்திய நிப்பிளுக்கு இது ஆகாது. மரையைப் பார்த்து வாங்குங்கள்: கால் அங்குலக் கூம்பு மரை ஜப்பானிய, பிரித்தானிய முறையில் அங்குலத்துக்கு 19 சுற்று, அமெரிக்க முறையில் 18. மாற்றிப் போட்டால் முதல் இரண்டு சுற்று இலகுவாக ஏறும், பின்பு இறுகி அலுமினிய மரையைத் தின்றுவிடும். கூம்பு மரையை மிகையாக இறுக்கினால் வார்ப்பே வெடிக்கும்.

எதைப் போட்டாலும், நீர் நிரப்பிக் காற்றை வெளியேற்றி, ஓர் ஏற்றம் ஓடிவிட்டு, மறுநாள் காலை எஞ்சின் குளிர்ந்திருக்கையில் அந்த இடத்தை வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். கூலன்ட்டின் நிறம் ஒட்டினால் கிளிப்பைக் கழற்றி மீண்டும் தொடங்குங்கள்.