டெல்லி நினைவு நடை: தாமதமாகச் சென்ற ஒரு துக்க விசாரிப்பு

மயூர் விஹாரில் 21 ஆண்டுகளாகக் குடியிருக்கும் நான், கூப்பிடு தூரத்தில் இருக்கும் திரிலோக்புரியில், பிரதமர் இந்திரா காந்தி கொல்லப்பட்டதை அடுத்து, 1984 நவம்பர் முதல் வாரம் சீக்கியக் குடும்பங்களுக்கு என்ன நடந்தது என்பதைச் சரியாகத் தெரிந்துகொண்டது கடந்த டிசம்பரில்தான். பல சமயங்களைச் சேர்ந்த ஒரு சிறு குழு ஞாயிற்றுக்கிழமைகளில் நடத்தும் நினைவு நடையே அதற்குக் காரணம். எங்கள் குடியிருப்பிலிருந்து தமிழ்க் குடும்பத்தினர் 11 பேர் சேர்ந்து பதிவு செய்ததால், தமிழில் எடுத்துச் சொல்ல ஓர் ஆராய்ச்சி மாணவரையும் உடன் அனுப்பினார்கள். தலைக்கு 900 ரூபாய்; சிற்றுந்துச் செலவும் அதில் அடக்கம்.

காலை 9 மணிக்குக் காஷ்மீரி கேட்டில் தொடங்கினோம். முதல் இடம், அம்பேத்கர் பல்கலைக்கழக வளாகத்தில் முகலாய இளவரசர் தாரா ஷுகோவின் நூலகமாக இருந்த கட்டடத்தில் 2023ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பிரிவினை அருங்காட்சியகம். ஐம்பது உபநிடதங்களை 1657இல் பாரசீக மொழியில் பெயர்த்துத் தந்து, இரண்டே ஆண்டுகளில் தம்பி ஔரங்கசீப்பின் ஆணையால் கொல்லப்பட்ட ஓர் இளவரசரின் நூலகத்தில், 1947இல் அகதிகளானவர்களின் பொருள்களையும் குரல்களையும் காப்பது எவ்வளவு பொருத்தமானது என்பதை வழிகாட்டி ஐந்து நிமிடம் பேசினார். அந்த ஐந்து நிமிடத்துக்காகவே இன்னொரு முறை போகலாம்.

இந்த நடையை மற்றச் சுற்றுலாக்களிலிருந்து பிரிப்பது ஒரு நடைமுறைதான். பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிய குறிப்பை அவர்களுடைய சமயத்தைச் சாராத ஒருவரே உரக்க வாசிக்க வேண்டும். 1947இல் புராணா கிலாவிலும் உமாயூன் கல்லறை வளாகத்திலும் கூடாரமடித்துக் கிடந்த டெல்லி முஸ்லிம்களைப் பற்றிய பக்கத்தை எங்கள் குழுவின் மூத்தவரான தஞ்சாவூர்ப் பாட்டி வாசித்தார். மேற்குப் பஞ்சாபிலிருந்து தப்பி கிங்ஸ்வே முகாமை அடைந்த இந்துக்களையும் சீக்கியர்களையும் பற்றிய பக்கத்தை வழிகாட்டிகளில் ஒருவரான ஓய்வுபெற்ற முஸ்லிம் ஆசிரியர் வாசித்தார். நம் ஊரில் அடுத்த தெருவில் சாவு என்றால் சாதி சமயம் பாராமல் வாசல்வரையாவது போய் நின்றுவிட்டு வரும் வழக்கம் இருக்கிறதல்லவா, அதைத்தான் இவர்கள் 75 ஆண்டு தாமதமாகச் செய்ய வைக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது.

இரண்டாவது இடம் நாடாளுமன்றத்துக்கு அருகிலுள்ள ரகாப் கஞ்ச் குருத்வாரா. 1675இல் சாந்தினி சவுக்கில் தலை வெட்டப்பட்ட, சீக்கியர்களின் ஒன்பதாம் குரு தேக் பகதூரின் உடல் எரியூட்டப்பட்ட இடம் இது. காஷ்மீரப் பண்டிதர்களின் சமய உரிமைக்காக, அதாவது தம்முடையதல்லாத ஒரு நம்பிக்கைக்காக அவர் உயிர் கொடுத்தார் என்பது சீக்கியர்கள் போற்றும் நினைவு. அதே குருத்வாராவை 1984 நவம்பர் 1 அன்று ஒரு கும்பல் தாக்கி, இருவரை உயிரோடு எரித்தது. 1984இல் கொல்லப்பட்ட சீக்கியர்களின் பெயர்களைத் தாங்கி 2017 முதல் அங்கே நிற்கும் உண்மைச் சுவரின் முன்னால், எங்களுடன் வந்திருந்த கோயம்புத்தூர் முஸ்லிம் பெண்மணி பெயர்களை வாசிக்கத் தொடங்கிச் சிறிது நேரத்திலேயே நிறுத்திவிட்டார். மீதியை வாசித்தவர் அவருடைய மாடி வீட்டுக்காரர்.

குருத்வாராவின் பொது உணவுக்கூடமான லங்கரில் தரையில் வரிசையாக அமர்ந்து உண்ணும்போதுதான் காரணம் தெரிந்தது. 1997 நவம்பர் இறுதியில் கோவையில் நடந்த கலவரத்தில் அந்தப் பெண்மணியின் தந்தையுடைய கடை எரிந்திருக்கிறது. 58 பேரைப் பலிகொண்ட 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்புகளில் மாடி வீட்டுக்காரர் தம் பெரியப்பா மகனை இழந்திருக்கிறார். ஒன்பது ஆண்டுகளாக ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கி, தீபாவளிக்கும் ரமலானுக்கும் பலகாரம் மாற்றிக்கொள்ளும் இரு குடும்பங்களும் இதை ஒருவருக்கொருவர் சொன்னதே இல்லை. எந்த வழிகாட்டியும் அவர்களைப் பேசச் சொல்லவில்லை. மூன்றாவது ஒருவரின் துயரத்தை வாசித்ததில் அவர்களுக்கு வாய் திறந்தது. இந்தச் சேவையின் மதிப்பை நான் அளப்பது அந்தச் சாப்பாட்டு வரிசையை வைத்தே.

குறையையும் சொல்ல வேண்டும். கடைசி இடமான காந்தி ஸ்மிருதிக்கு 40 நிமிடம்தான் மிஞ்சியது. டெல்லியில் முஸ்லிம்கள் அச்சமின்றி நடமாட வேண்டும், மெஹ்ரோலியில் சூஃபி ஞானி குத்புதீன் பக்தியார் காகி தர்காவின் ஆண்டு விழாவான உருஸ் வழக்கம்போல நடக்க வேண்டும் என்பன போன்ற உறுதிமொழிகளைக் கேட்டு, 1948 ஜனவரி 13 முதல் 18 வரை காந்தி உண்ணாவிரதமிருந்த வீடு அது. உருஸ் நடந்தது, 27ஆம் தேதி அவரே அங்கே சென்றார், மூன்று நாள் கழித்துச் சுடப்பட்டார். தோட்டத்தில் பதித்திருக்கும் அவருடைய கடைசிக் காலடிகளின் அருகே நிதானமாக நிற்கக்கூட எங்களுக்கு நேரம் போதவில்லை.

அதைவிடப் பெரிய குறை அங்கே பேசப்பட்ட நிறைவுரை. எல்லாத் தரப்பும் தவறு செய்தது, எல்லாத் தரப்பும் இழந்தது என்று இளம் வழிகாட்டி முடித்தார். 1947க்கு அது ஓரளவு பொருந்தலாம், 1984க்குப் பொருந்தாது. அது இரு தரப்பு மோதலன்று. கும்பல்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு சீக்கியர்களை வீடு வீடாகத் தேடிச் சென்றன, காவல்துறை பல இடங்களில் கைகட்டி நின்றது, அரசுக் கணக்கிலேயே டெல்லியில் மட்டும் 2,733 பேர் இறந்தார்கள், ஒரு முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஆயுள் தண்டனை கிடைக்க 2018 டிசம்பர்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இவற்றைச் சுவரின் அருகிலேயே சொல்லியிருந்தால், கேட்கும் எவருக்கும் பகை வளர்ந்திருக்காது. சுவரில் ஏன் இத்தனை பெயர்கள் என்பது விளங்கியிருக்கும். இதை அவர்களுக்கு எழுதினேன். அடுத்த மாதத்திலிருந்து நீதிமன்ற வரலாற்றையும் சேர்ப்பதாகப் பதில் வந்தது.

முதியவர்களோடு செல்பவர்கள் ஒரு மடக்கு நாற்காலியும், தலையை மூடத் துணியும் எடுத்துச் செல்லுங்கள். பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளை அழைத்துச் செல்ல வேண்டாம்.

திரிலோக்புரியையும் பாதையில் சேர்க்கலாமே என்று அதே கடிதத்தில் கேட்டிருந்தேன். அங்கே பிழைத்தவர்கள் அழைத்தால் மட்டுமே செல்வோம், இதுவரை அழைக்கவில்லை என்று எழுதியிருந்தார்கள்.